லோ டி விசில்: விரல் எட்டுமா என்பதே முதல் கேள்வி

அயர்லாந்து இசையின் ஆறு துளை ஊதுகுழலான சின்ன டின் விசிலில் பழகியவர், அதன் நீண்ட, தாழ்ந்த சுருதி வடிவமான லோ டி விசிலைக் கையில் எடுத்ததும், அதே பழைய பிடியில் ஆறு துளைகளையும் மூடப் பார்ப்பார். மேல் மூன்று எப்படியோ மூடிவிடும். கீழ் மூன்றில்தான் சிக்கல். மோதிர விரலின் நுனி கடைசித் துளையின் விளிம்பைத் தொடும், நழுவும், மறுபடி தொடும். ஊதினால் ஆழமான அடி ஸ்வரம் வரவேண்டிய இடத்தில் ஒரு கிறீச். "என் கை சின்னது, இது நமக்கு ஒத்துவராது" என்று குழல் அலமாரிக்குப் போய்விடும்.

பெரும்பாலும் கை சின்னதாக இருப்பதில்லை, பிடிதான் தவறு. மிச்சம் கொஞ்சம் பேருக்குக் குழல் தவறு. அதனால் இந்த மதிப்பீட்டில் லோ டி விசில்களின் ஒலியழகை இரண்டாம் பட்சமாக வைத்துவிட்டு, எந்த வகைக் குழல் எந்தக் கைக்கு ஒத்துவரும், அதை எப்படிப் பிடித்தால் வலியில்லாமல் வாசிக்கலாம் என்பதை முதலில் பார்க்கிறோம். வாங்கியபின் தலையில் அடித்துக்கொள்வதெல்லாம் இந்த இரண்டைப் பார்க்காததால்தான்.

லோ டி என்பது நம் கணக்கில் இரண்டு கட்டை சுருதி. எல்லாத் துளைகளையும் மூடி மெதுவாக ஊதினால் வருவது சுமார் 293.7 ஹெர்ட்ஸ், அதாவது டின் விசிலின் அடி ஸ்வரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே. துளைகளைக் கீழிருந்து ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனால் அப்படியே சங்கராபரணம். டின் விசிலின் நீளம் ஏறக்குறைய 30 செ.மீ. என்றால் இது 60 செ.மீ. சுருதி ஒரு ஸ்தாயி இறங்கினால் குழல் இரண்டு மடங்கு நீளும், துளைகளுக்கு நடுவே உள்ள தூரமும் கூடவே நீளும். விரல்கள்தான் நீளாது.

இந்தக் கருவியின் பிறப்பில் நம் ஊர் மூங்கிலுக்கும் ஒரு பங்கு உண்டு. அயர்லாந்துக் கலைஞர் ஃபின்பார் ஃப்யூரி வைத்திருந்த இந்திய மூங்கில் குழல் ஒன்று உடைந்துபோக, அதற்கு ஈடாக உலோகத்தில் ஒன்று செய்து பார்க்க முனைந்தவர் இங்கிலாந்தின் பெர்னார்ட் ஓவர்டன். 1970களின் தொடக்கத்தில் அலுமினியக் குழாயில் உருவான அந்த முயற்சியிலிருந்துதான் இன்றைய லோ விசில் வளர்ந்தது. ஃப்யூரி ஒரு இல்லியன் பைப் (அயர்லாந்தின் துருத்தி வாத்தியம்) கலைஞர். பிற்பாடு இந்தக் கருவியைப் பிரபலமாக்கிய டேவி ஸ்பில்லேனும் அதே பைப் வாசிப்பவர். பைப் வாசிப்பவர்கள் விரல் நுனியால் துளையை மூடுவதில்லை. விரலைத் தட்டையாக நீட்டி, நடுப்பகுதிச் சதையால் மூடுவார்கள். இவர்கள் கையில் வளர்ந்த கருவிக்கு இவர்கள் பிடியே பொருந்துவதில் ஆச்சரியம் இல்லை. அதற்குப் பெயரே பைப்பர் பிடி. நம்மவர்களில் பெரிய பான்சுரி வாசிப்பவர்களின் விரல்களைக் கவனித்தவர்களுக்கு இது புதிதாகவும் இருக்காது.

துளைகள் ஏன் அப்படி இருக்கின்றன

மேலிருந்து துளைகளை ஒன்று முதல் ஆறு என்று எண்ணிக்கொள்வோம். ஒன்று, இரண்டு, மூன்று இடது கைக்கு. நான்கு, ஐந்து, ஆறு வலது கைக்கு. மேற்கத்திய ஸ்வரப் பெயர்களில் சொன்னால், ஆறாவதைத் திறந்தால் ஈ, ஐந்தாவதையும் திறந்தால் எஃப் ஷார்ப், நான்காவதையும் திறந்தால் ஜி. ஈ-யிலிருந்து எஃப் ஷார்ப்புக்கு இரண்டு ஸ்வரஸ்தான தூரம். எஃப் ஷார்ப்பிலிருந்து ஜி-க்கு ஒன்றுதான். ஆகவே ஒலியியல்படி நான்கும் ஐந்தும் நெருங்கியும், ஐந்தும் ஆறும் விலகியும் இருக்க வேண்டும். அப்படியே துளையிட்டால் மோதிர விரல் எட்டாது. எனவே தயாரிப்பாளர் ஆறாம் துளையைச் சற்று மேலே கொண்டுவருகிறார். மேலே வந்தால் ஸ்வரம் ஏறிவிடும், அதை இறக்கத் துளையைச் சிறிதாக்குகிறார். ஐந்தாம் துளைக்கு நேர்மாறு: கீழே இறக்கி, இறங்கிய சுருதியைச் சரிக்கட்டப் பெரிதாக்குகிறார். அநேக லோ டி விசில்களில் ஐந்தாவது துளை ஆகப் பெரியதாகவும் ஆறாவது பொடியாகவும் இருப்பது இதனால்தான். ஈ ஸ்வரம் மற்றவற்றைவிடக் கொஞ்சம் அமுங்கி ஒலிப்பதற்கும் இதுவே காரணம். வாங்கிய குழலில் ஈ மங்கலாக இருக்கிறது என்று புகார் சொல்பவர்கள், தங்கள் மோதிர விரலுக்காகக் கொடுத்த விலை அது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இத்தனை சமரசத்துக்குப் பிறகும் நான்காம் துளையின் மையத்திலிருந்து ஆறாம் துளையின் மையம் வரை ஏழரை செ.மீ. அளவில் இருக்கும். டின் விசிலில் அது நாலு செ.மீ.தான். விரல்களை வளைத்து நுனியால் மூடும்போது மூன்று நுனிகளும் ஒன்றையொன்று நோக்கிக் குவியும். பெரிய ஐந்தாம் துளைக்கு நுனிச் சதையும் போதாது. இரண்டு கோளாறும் விரலை நீட்டியதும் தீர்ந்துவிடுகின்றன.

பிடியைக் கட்டும் முறை

விரல்விட்டு எண்ணுகிறோமே, அந்தக் கணக்கில் ஒரு விரலுக்கு மூன்று பகுதிகள்: நுனிக்கணு, நடுக்கணு, அடிக்கணு. இடையில் மடிப்பு ரேகைகள். பைப்பர் பிடியில் வேலை செய்வது நுனிக்கணுவும் நடுக்கணுவும். ரேகை மட்டும் துளைமேல் விழக்கூடாது. அந்தப் பள்ளத்தின் வழியே காற்று கசியும்.

வலது கை: ஆள்காட்டி விரலின் நடுக்கணு நான்காம் துளைக்கு. நடுவிரலின் நடுக்கணு ஐந்துக்கு. மோதிர விரலின் நுனிக்கணு, அதிலும் நுனியல்ல, ரேகைக்கு முன்னால் தடித்திருக்கும் சதை, ஆறுக்கு. ஆள்காட்டி விரலின் நுனி குழலைத் தாண்டி மறுபக்கம் இரண்டு செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும், பார்க்க அநாகரிகமாகத் தோன்றினாலும் அதுதான் சரி. சுண்டுவிரல் ஆறாம் துளைக்குக் கீழே குழலின் மேல் சும்மா படுத்திருக்கட்டும்.

இடது கை: இங்கே இடைவெளி குறைவு என்பதால் பிடிவாதம் தேவையில்லை. ஆள்காட்டிக்கு நுனிக்கணுவின் சதை, நடுவிரலுக்கு நடுக்கணு, மோதிர விரலுக்கு நுனிக்கணு என்பது பலருக்கும் பொருந்தும். விரல் நீளமானவர்கள் ஆள்காட்டியையும் நடுக்கணுவில் வைத்துக்கொள்வார்கள். எது வைத்தாலும் விரல் நேராக இருக்கிறதா என்பதே கேள்வி.

கட்டைவிரல்கள்: இடதுகைக் கட்டைவிரல் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே, வலதுகைக் கட்டைவிரல் நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே, குழலின் அடியில். சதை படும்படி தாங்கினால் போதும். நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்தினால் அது தாங்குதல் அல்ல, நெரித்தல்.

மணிக்கட்டு நேராக இருக்க வேண்டும். வலது முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்தால் விரல்கள் வாய்ப்பக்கம் மேல்நோக்கிச் சாயும், மோதிர விரல் தன்னால் துளையைவிட்டு விலகும். முழங்கையை ஒரு சாண் வெளியே எடுங்கள். விரல்கள் கீழ்நோக்கித் திரும்பும், குழல் விரல்களைக் குறுக்காக வெட்டாமல் சாய்வாகக் கடக்கும், மோதிர விரல் இரண்டு செ.மீ. நீண்டதுபோல் தோன்றும். பிடியின் ரகசியம் என்று ஒன்று இருந்தால் அது விரலில் இல்லை, முழங்கையில் இருக்கிறது. குழலையும் நெஞ்சோடு ஒட்டித் தொங்கவிடாமல், முகத்திலிருந்து ஏறக்குறைய 45 பாகை முன்னே சாய்த்து வையுங்கள்.

முதல் வாரம் குழலின் அடிமுனையை, அதன் வாய் அடைபடாமல், மேஜை விளிம்பிலோ தொடையிலோ முட்டுக்கொடுத்து வைத்துக்கொள்வது நல்லது. பாரம் கையில் இல்லாதபோது நெரிக்கும் ஆசை வராது. ஒன்றாம் துளையை மட்டும் மூடி பி ஸ்வரம் ஊதுங்கள். நாலு எண்ணும்வரை நிற்கட்டும். இரண்டாவதை மூடினால் ஏ, மூன்றாவதை மூடினால் ஜி. ஜி தெளிவாக, நடுங்காமல் நிற்கும்வரை வலது கையைத் தொடவே வேண்டாம். பிறகு நான்கு, ஐந்து, ஆறு. ஒவ்வொரு விரலையும் தூக்கிக் குத்தாமல், துளைக்கு ஒரு செ.மீ. உயரத்திலிருந்து தட்டையாக இறக்குங்கள். ஐந்து நிமிடம் வாசிப்பு, கையை உதறி இரண்டு நிமிடம் ஓய்வு, இப்படி நாள் ஒன்றுக்கு நாலு தடவை. ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உட்கார்வதைவிட இது வேகமாகக் கைகொடுக்கும். இரண்டு மூன்று வாரத்தில் அடி டி பத்துக்கு எட்டு முறை நின்றுவிட்டால் சரியான பாதைதான்.

கட்டைவிரலின் அடியில் வலி, அல்லது சுண்டுவிரலிலும் மோதிர விரலிலும் மரமரப்பு வந்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்வதில் பயன் ஒன்றுமில்லை.

கசிவைக் கண்டுபிடிப்பது

அடி டி உடைந்து மேல் ஸ்தாயிக்குத் தாவுகிறது என்றால் பத்தில் ஒன்பது தடவை ஏதோ ஒரு துளை முழுதாக மூடவில்லை. மீதி ஒன்று, ஊதும் வேகம் அதிகம். எல்லாரும் முதலில் சந்தேகப்படுவது வலது மோதிர விரலை. உண்மையில் அடிக்கடி பிடிபடுவது இடது மோதிர விரல். வலது கை ஆறாம் துளையை எட்ட முயலும்போது குழல் கடிகார முள்போல ஓர் இம்மி திரும்புகிறது, மூன்றாம் துளையின் ஓரம் திறந்துகொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பிளவு போதும் அடி ஸ்வரத்தைக் கெடுக்க.

சோதிக்க ஒரு வழி இருக்கிறது. எல்லாத் துளைகளையும் மூடி அரை நிமிடம் ஊதுங்கள். விரல்களை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு விரலிலும் துளையின் விளிம்பு ஒரு வட்டமாகப் பதிந்திருக்கும். முழு வட்டம் என்றால் அந்த விரல் சரி. பிறைபோல் பாதி வட்டம் என்றால் வட்டம் இல்லாத பக்கம் கசிகிறது, விரலை அந்தத் திசைக்கே இரண்டு மி.மீ. நகர்த்துங்கள். வட்டத்தின் குறுக்கே ரேகை ஓடினால் விரலை உள்ளேயோ வெளியேயோ தள்ளுங்கள். வட்டம் ஆழமாகச் சிவந்து, ஐந்து நிமிடம் ஆகியும் மறையவில்லை என்றால் அழுத்தம் தேவைக்கு மேல். துளையை மூட வேண்டியது சதையின் மென்மை. கையின் பலத்துக்கு அங்கே வேலையில்லை.

இன்னொன்று: வலது கட்டைவிரலை எடுத்துவிட்டு அடி டி ஊதிப் பாருங்கள், அடிமுனை வாய் அடைபடாமல் தொடையில் முட்டுக்கொடுத்திருக்கட்டும். ஸ்வரம் நின்றால் பிடி தளர்வாக இருக்கிறது. உடனே உடைந்தால், இத்தனை நேரம் கட்டைவிரலும் மற்ற விரல்களும் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டுதான் துளையை மூடியிருக்கின்றன.

சி ஷார்ப் தனித் தலைவலி. எல்லாத் துளைகளும் திறந்திருக்கும், குழலைப் பிடித்திருப்பது உதடும் கட்டைவிரல்களும் சுண்டுவிரலும் மட்டும். கனமான குழல் இங்கேதான் நழுவப் பார்க்கும். அனுபவசாலிகள் மேல் ஸ்வரங்களுக்குப் போகும்போது வலது மோதிர விரலை ஆறாம் துளையிலேயே விட்டுவைப்பார்கள். சுருதி இறங்குவது காதுக்கு எட்டாத அளவு. குழல் அசையாது. இதை ஏமாற்று வேலை என்று நினைத்துத் தவிர்க்கும் புதியவர்கள் வீணாகக் கஷ்டப்படுகிறார்கள்.

தட்டை விரலுக்கு ஒரு குறையும் ஒரு பெரிய லாபமும் உண்டு. அரைத் துளை மூடுவது நுனிவிரலில் எளிது, நடுக்கணுவில் சிரமம். விரலைத் தூக்காமல் உருட்டியோ இழுத்தோதான் செய்ய வேண்டும். அந்த இழுப்பே லாபமும். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் ஜாரு போன்ற அசைவு தட்டை விரலில் அவ்வளவு இயல்பாக வருகிறது. லோ விசிலில் மெதுவான அயர்லாந்து மெட்டுகள் உருக்கமாகக் கேட்பதற்குப் பாதிக் காரணம் இது.

எதை வாங்குவது

டோனி டிக்சனின் பாலிமர் லோ டி, பிடி பழகுவதற்கு எங்கள் முதல் தேர்வு. இங்கிலாந்துத் தயாரிப்பு. பிளாஸ்டிக் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். கனம் குறைவு என்பதால் சி ஷார்ப்பில் நழுவும் பயம் குறைவு, கட்டைவிரல் நெரிக்காது. காற்று அதிகம் கேட்பதில்லை. பிடியில் கவனம் வைத்திருக்கும் காலத்தில் மூச்சு வாங்காமல் இருப்பது பெரிய உதவி. சுருதி மாற்றும் இணைப்பு உள்ளதும் இல்லாததுமாக இரு வகை கிடைக்கிறது. கூட வேறு கருவிகளோடு வாசிக்கும் எண்ணம் இருந்தால் இணைப்பு உள்ளதையே வாங்குங்கள். தனியே பழக மட்டும் என்றால் இல்லாதது போதும். குறை என்னவென்றால் ஒலி மென்மை. பத்துப் பேர் சேர்ந்து வாசிக்கும் அரங்கில் இதை வாசிப்பவருக்கே இது கேட்காது. கொஞ்சம் வேகம் கூட்டி ஊதினால் அடி டி மேலே தாவிவிடும். பழகுபவருக்கு இதுவும் ஒரு வகையில் நல்லதுதான், கசிவையும் அவசர மூச்சையும் மன்னிக்காத ஆசிரியர்.

ஓவர்டன் மரபில் வரும் அலுமினியக் குழல்கள் வேறு உலகம். அந்த மரபை இன்று தொடர்பவர் ஜெர்மனியில் இருக்கும் காலின் கோல்டி. அவர் பெயரிலேயே குழல்கள் வருகின்றன. மென்மையாக ஊதுவது, நடுத்தரம், கடினமாக ஊதுவது என்று காற்றின் எதிர்ப்பைப் பொறுத்து வகை சொல்லிக் கேட்கலாம். பிடி பழகாதவர் கடின வகையைக் கேட்டு வாங்குவது, சைக்கிள் ஓட்டத் தெரியாதவர் பந்தயத்துக்குப் பெயர் கொடுப்பது மாதிரி. மென்மையோ நடுத்தரமோ போதும். ஒலியில் கரகரப்பும் ஆழமும் கலந்திருக்கும். அதற்காகத்தான் இதைத் தேடி வாங்குகிறார்கள். ஆனால் கையால் ஒவ்வொன்றாகச் செய்யப்படும் பொருள், விலையும் காத்திருப்பும் அதற்கேற்றபடி. முதல் குழலாக வாங்கச் சொல்லமாட்டோம்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் மிஷா சோமர்வில் செய்யும் எம்கே விசில்கள் இன்றைய மேடைகளில் அதிகம் தென்படுபவை. கெல்பி, புரோ என்று இரண்டு உண்டு. டிக்சனில் ஆறு மாதம் பழகி, விரல்கள் தட்டையாக விழ ஆரம்பித்தபின் அடுத்த படிக்குக் கெல்பி பொருத்தம். அலுமினியத்தின் கனமும் வழுவழுப்பும் முதல் இரண்டு நாள் தொந்தரவு செய்யும். வியர்வை கசியும் நம் ஊர்க் கையில் இன்னும் கொஞ்சம் அதிகமாக. கட்டைவிரல் படும் இடத்தில் மருந்துக்கடை துணிப்பிளாஸ்திரி ஒரு துண்டு ஒட்டினால் தீர்ந்தது.

சின்னக் கை உள்ளவர்கள் கேட்டுப் பார்க்க வேண்டியது டேவ் ஷா செய்யும் கூம்புக்குழல். தகட்டைச் சுருட்டி, வாய்ப்பக்கம் அகலமாகவும் அடிப்பக்கம் குறுகலாகவும் செய்து, ஊதும் இடத்தில் மரக்கட்டை அடைத்திருப்பார். குழல் கீழே குறுகினால் அதே சுருதிக்குத் துளைகள் நெருங்கி வரும், சிறிதாகவும் ஆகும். உருளைக் குழலில் எட்டாத மோதிர விரல் இதில் எட்டிவிடும். ஆனால் இலவசம் எதுவும் இல்லை: இது காற்றைக் குடிக்கும். மூச்சுக் கட்டுப்பாடு இல்லாதவருக்கு வரி பாதியில் அறுந்துபோகும். விரலுக்கும் நுரையீரலுக்கும் நடுவே எதைச் சமாளிக்க முடியும் என்று பார்த்து முடிவு செய்ய வேண்டியதுதான்.

சில தயாரிப்பாளர்கள் மூன்றாவதையும் ஆறாவதையும் நேர்கோட்டிலிருந்து ஒரு பக்கம் தள்ளித் துளையிட்டுத் தருவார்கள், மோதிர விரல் குட்டையாக இருப்பவர்களுக்காக. இதைக் கேட்டு வாங்கும்போது எந்தக் கை கீழே என்பதையும் சொல்லிவிடுங்கள். துளைகள் நேர்கோட்டில் இருந்தால் இடதுகைப் பழக்கம் உள்ளவர் கைகளை மாற்றி வைத்து வாசித்துக்கொள்ளலாம். தள்ளியிருந்தால் முடியாது. உடல் இரண்டு துண்டாக வரும் குழல்களில் கீழ்த்துண்டை மட்டும் சற்றுத் திருப்பி வைக்கும் வசதி உண்டு. வலது கைத் துளைகள் மூன்றும் சேர்ந்து ஐந்து பாகை வெளியே திரும்பினாலே மணிக்கட்டு நிம்மதியடையும்.

எதுவும் எட்டவில்லை என்றால் இதைவிடக் குட்டையான, சுருதி உயர்ந்த லோ எஃப் அல்லது லோ ஜி இருக்கின்றன. லோ ஜி-யைப் பெரும்பாலோர் நுனிவிரலிலேயே வாசித்துவிடலாம். லோ எஃப்-ஐ லோ டி-க்குப் போகும் படிக்கட்டாக வைத்துக்கொண்டு, அதிலேயே பைப்பர் பிடியைப் பழகலாம். ஆனால் அயர்லாந்துக் கூட்டு வாசிப்பில் பெரும்பாலான மெட்டுகள் டி, ஜி சுருதிகளுக்கே அமைந்தவை. பெரும்பாலும் தனியாக வாசிக்கவே இவை உதவும்.

வாங்குமுன் ஒரு பொட்டுச் சோதனை

ஹார்டுவேர் கடையில் 25 மி.மீ. வெளிவிட்டமுள்ள பிவிசி குழாய் 60 செ.மீ. வெட்டி வாங்குங்கள். பல அலுமினிய லோ டி-க்களின் பருமன் ஏறக்குறைய இதுதான். அடிமுனையிலிருந்து சுமார் 15 செ.மீ. மேலே ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுங்கள், இது ஆறாம் துளை. அங்கிருந்து மேல்நோக்கி 4.3 செ.மீ.யில் ஐந்து, 3.2 செ.மீ.யில் நான்கு, கைகளுக்கு நடுவே 5 செ.மீ. விட்டு மூன்று, பிறகு 3.6 செ.மீ. இடைவெளியில் இரண்டும் ஒன்றும். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் சில மி.மீ. மாறும், வாங்கப்போகும் குழலின் துளை அளவுகளை மின்னஞ்சலில் கேட்டால் சொல்லிவிடுவார்கள், அதன்படி பொட்டை நகர்த்திக்கொள்ளலாம்.

இப்போது மேலே சொன்னபடி பிடியுங்கள், முழங்கை வெளியே, மணிக்கட்டு நேராக. பொட்டுகள் ஆறும் விரலடியில் மறைய வேண்டும். ஒரு நிமிடம் அப்படியே வைத்திருங்கள். விரல் விரிசலில் இழுவை தெரிந்தால் பரவாயில்லை, அது பழகப் பழகத் தளரும். உள்ளங்கையில் வலியோ மணிக்கட்டில் மடிப்போ தெரிந்தால் கூம்புக்குழல் அல்லது லோ எஃப் பக்கம் யோசியுங்கள். இருபது முப்பது ரூபாய்ச் செலவில் இந்தப் பதில் கிடைத்துவிடுகிறது. வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைத்து, சுங்க வரியும் கட்டி, பிறகு திருப்பி அனுப்ப முடியாமல் நிற்பதற்கு இது எவ்வளவோ மேல். வாங்க முடிவு செய்தபின்னும் குழாயைத் தூக்கி எறியாதீர்கள். பார்சல் வந்து சேரும்வரை தொலைக்காட்சி பார்க்கும்போது கையில் வைத்து விரல்களை இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தால் முதல் வாரப் பயிற்சி முடிந்த மாதிரி.

குழல் வந்ததும் ஒவ்வொரு துளையின் விளிம்பையும் பஞ்சால் தடவிப் பாருங்கள். பஞ்சு இழை மாட்டினால் விளிம்பில் பிசிறு இருக்கிறது, விரல் சதையை அது அறுக்கும். மிக மெல்லிய உப்புத்தாளை விரலில் சுற்றி, வெளிவிளிம்பில் மட்டும் இரண்டு சுற்று தேய்த்தால் போதும். துளை பெரிதாகும் அளவுக்குத் தேய்த்துவிட்டால் சுருதி போய்விடும், திரும்பாது.

மின்விசிறியை அணைத்துவிட்டு ஊதுங்கள். வாய்க்குக் கீழே காற்று வெட்டுப்படும் திறப்பின் குறுக்கே விசிறிக் காற்று அடித்தால் அடி டி நிற்காது, விரல்மேல் பழி விழும். பத்து நிமிடம் வாசித்ததும் ஒலி திடீரென்று அடைத்துக்கொண்டால் அதுவும் விரல் அல்ல. மூச்சின் ஈரம் ஊதுவழியில் துளியாக நிற்கிறது. குளிரூட்டிய அறையில் உலோகக் குழலுக்கு இது அடிக்கடி வரும். வாசிக்கும் முன் வாய்ப்பகுதியை ஐந்து நிமிடம் அக்குளில் வைத்துச் சூடேற்றுங்கள். நடுவில் அடைத்தால் ஊதாமல் ஒரு முறை சட்டென்று உறிஞ்சுங்கள். அப்படியும் ஓயவில்லை என்றால் பாத்திரம் துலக்கும் திரவத்தைத் தண்ணீரில் கரைத்து, ஊதுவழியில் ஒரு சொட்டு விட்டு, துடைக்காமல் அப்படியே காயவிடுங்கள்.